முந்தி வந்தவன்

பி.ஏ. இரண்டாம் வருஷம், இங்கிலாந்து வரலாறு.
பத்து மார்க் கேள்வி:
ஸ்டீபன் அரசனானது எப்படி?
முக்கால் பக்கம் எழுதி ஏழு வாங்கினேன்.
மீதி மூன்றுக்குக்
கண்டனூரில் பரீட்சை நடந்தது.

பட்டத்துக்கு இருந்த ஒரே மகனைக்
கப்பலோடு கடலுக்குக் கொடுத்தார் ஹென்றி ராஜா.
குடித்த மாலுமிகள், நவம்பர் ராத்திரி, பாறை.
எங்கள் பெரியப்பச்சி மகன் தேனப்பன்
கல்யாணச் சாப்பாடு செரிக்க
நிலாவில் ஊருணிக்குள் இறங்கினான்.
கடலென்ன, ஊருணியென்ன,
வீட்டுக்குள் ஏறி நின்ற தண்ணீர் ஒரே அளவு.

மிச்சம் மகள்.
அங்கே மெட்டில்டா, இங்கே சிகப்பி ஆச்சி.
ராஜா தன் பிரபுக்களிடம் மூன்று தரம் சத்தியம் வாங்கினார்.
பெரியப்பச்சிக்கு ஒரு தரம் போதும்.
வைரவன்பட்டி சன்னதியில் கற்பூரம்,
பதினொரு பங்காளிகள்,
எல்லாம் ஆச்சிக்கே என்று.
முண்டியடித்து முதலில் கையடித்தவன் நான்.
ஸ்டீபனும் முண்டினானாம்.

வைத்தியர் விலக்கிய மீனைத் தின்று
ராஜா போனார் என்று பாடப்புத்தகம்.
சர்க்கரை நானூறில் ஒரு தூக்கு கும்மாயம்,
இது நான் கண்ணால் கண்டது.
ஆச்சி அப்போது ஈப்போவில், ஏழு மாசம்.
எனக்குக் காரைக்குடியிலிருந்து அரைமணி நேரம்.

எல்லாரும் தலைமாட்டு விளக்கைப் பார்க்க
நான் இடுப்பைப் பார்த்தேன்.
சாவிக்கொத்தில்
இன்னும் உடம்புச் சூடு இருந்தது.
கிரீடத்துக்கு முன்னால் கஜானா:
இந்த வரிசையை நான் தேர்விலும் சரியாக எழுதியிருந்தேன்.

காரியம் முடிந்த அன்று கணக்குப்பிள்ளை நாகலிங்கம்
தொண்டையைச் செருமிச் சொன்னார்:
“கடைசி நேரத்துல மனசு மாத்திக்கிட்டாக.”
ஒரு வெள்ளைத்தாள் உயில், இரண்டு சாட்சி.
அந்த நாட்டிலும் ஒருத்தன் இதையே சொல்லிச் சத்தியம் பண்ணினான்.
பெயர் மறந்துவிட்டது.
நாகலிங்கத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது
ஒரு டிவிஎஸ் ஃபிப்டி.

பிறகு பத்தொன்பது வருஷம்.
தேவகோட்டை, மதுரை, மறுபடி தேவகோட்டை.
இரண்டாம் கட்டு உத்திரங்கள்
வக்கீல் ஃபீஸாக லாரி ஏறின.
கண்மாய்க்கரை வயலில் சேவுகன்
எனக்கும் நெல் அளந்தான், அவளுக்கும் அளந்தான்.
மூன்றாம் வருஷம் திருப்பூருக்குப் போய்விட்டான்.
எந்தத் தரப்பு வக்கீலும்
அவன் பெயரை எழுதிக்கொள்ளவில்லை.

ஒரு மார்கழி ராத்திரி
ஆச்சி உள்ளே வந்துவிட்டாள் என்று சேதி.
முன்வாசலில் நாலு ஆள் நிறுத்தினேன்.
பின்வாசல் அடுத்த தெருவில்;
அங்கே ஒரே ஒருத்தன்.
முட்டை வெள்ளை குழைத்துப் பூசிய நீளச் சுவரோரம்
வெள்ளைப் புடவையில் அவள் நடந்து போனதை
அவன் பார்க்கவில்லை.
பனியில் வெள்ளை உடுத்தி
முற்றுகைக்குள்ளிருந்து நழுவிய மெட்டில்டாவை
நான் தேர்வில் எழுதாமல் விட்டிருந்தேன்.
மூலப்பத்திரம் போயிற்று.

போன ஆடியில் என் மகன் சோலையப்பன்
புதுவயல் ரோட்டில், பைக்கை நிறுத்தி,
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.
நாற்பதுகூட இல்லை.
ஸ்டீபன் மகனும் ஆகஸ்டில்தான்.

மெட்டில்டா பெற்றவனைத் தன் பிள்ளையாக ஏற்று
சண்டையை முடித்தான் அவன்.
எங்களுக்கு அந்த வழியும் இல்லை.
ஆச்சி மகன் வேறு கோயில், வேறு புள்ளி;
சுவீகாரம் செல்லாது.
ஆகவே சமரசப் பத்திரம்.
ஐப்பசியில் கையெழுத்து:
நான் இருக்கும்வரை நான், பிறகு அவன்.

பையன் வந்து லேசரால் வீட்டை அளந்தான்.
சிவப்புப் புள்ளி தூண்தூணாகப் போய்
என் சட்டையில் ஒரு நொடி நின்று நகர்ந்தது.
“ஸாரி மாமா” என்றான்.
கொத்தை நீட்டினேன்.
“இப்ப வேண்டாம், வச்சிருங்க.”

ஸ்டீபன் அடுத்த வருஷமே போனான்,
அக்டோபர் இருபத்தைந்து.
இன்று காலைத் தாளைக் கிழித்தேன்.
பதினாறு.